மரக்கன்றுகள் போதா!

2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்னும் காட்டு யானை கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. சின்னக்கானலில் ஏப்ரலில் பிடிபட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட யானை அது. மேகமலையைச் சுற்றிவிட்டு நம்மிடம் வந்து சேர்ந்தது. இரு மாநில வனத்துறைகளும் நீதிமன்றங்களும் அதன் பின்னால் அலைந்தன. இறுதியில் ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். பங்கு வளாகங்களில் நாம் வழக்கமாக மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நாளும் அதுவே.

மரம் நடுவதை நான் இகழவில்லை. படைப்பைப் பேணும் பொறுப்பை ஒருநாள் விழாவாகச் சுருக்கிவிட்ட நம் பக்தியையே குறை கூறுகிறேன். வருசநாடும் மேகமலையும் குமுளியும் போடிமெட்டும் ஒரே மலைத்தொடர் என்பது அந்த யானைக்குத் தெரிந்திருந்தது. நாமோ அம்மலையை மாநிலங்களாகவும் வனக்கோட்டங்களாகவும் மறைமாவட்டங்களாகவும் கூறுபோட்டுக்கொண்டு, அடுத்த சரிவில் இருப்பவரின் துன்பம் செவிக்கு எட்டாதபடி வாழ்கிறோம்.

இதன் விளைவை நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் காட்டியது. முதலில் அது நீலகிரியின் சிங்காராவுக்கெனத் திட்டமிடப்பட்டது. முதுமலையை ஒட்டிய யானை வழித்தடம் என்று எதிர்ப்பு எழவே, 2009-இல் மத்திய அரசு அவ்விடத்தை மறுத்தது. அடுத்துக் குறிக்கப்பட்டது நம் பொட்டிப்புரத்து அம்பரப்பர் மலை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதலும் கிடைத்தது. அவ்வாய்வு நல்லதா தீயதா என்பதை அறிவியலார் பேசட்டும்; என் கவலை வேறு. ஒரு மலையில் மறுக்கப்பட்டது அடுத்த மலைக்கு நகர்கிறது. வாசலுக்கு வந்த பிறகே நாம் விழித்துக்கொள்கிறோம். வழக்கும் போராட்டமுமாக ஆண்டுகள் கழிந்து, 2022 பிப்ரவரியில் தமிழக அரசு தன் எதிர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஊர் மூச்சு விட்டது. நாளை வேறொரு பெயரில் வேறொன்று வந்தால், மீண்டும் பந்தக்கால் நடுவதிலிருந்தே தொடங்க வேண்டுமா?

மலைக்கு அப்பால் நடந்தது இன்னும் கசப்பானது. மாதவ் காட்கில் குழு 2011-இல் மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய அறிக்கையை அளித்தது. கிராம சபைகளைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. ஆனால் மக்களின் மொழியில், உரிய காலத்தில், அது மக்களின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த வெற்றிடத்தில் அச்சம் குடியேறியது. பின்வந்த கஸ்தூரிரங்கன் அறிக்கையையும் சேர்த்து 2013-இல் இடுக்கி கொந்தளித்தபோது, எதிர்ப்பின் முன்வரிசையில் நம் திருச்சபை நின்றது. காட்கில் அறிக்கையை ஆதரித்த நாடாளுமன்ற உறுப்பினர் பி.டி. தாமஸுக்கு 2014-இல் மீண்டும் அத்தொகுதியில் நிற்க வாய்ப்புக் கிட்டவில்லை. மலையேறிக் குடியமர்ந்த சிறு உழவனின் அச்சம் பொய்யன்று. அவனுக்காகத் திருச்சபை பேசியதும் குற்றமன்று. மலைக்காகப் பேசியவரைத் தனியே விட்டதுதான் குற்றம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் மாண்டன. மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். மலையைக் காப்பது மனிதனுக்கு எதிரானது என்று இன்னும் வாதிடுவோர் அந்த லயங்கள் இருந்த இடத்தைச் சென்று காணட்டும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலின் 219-ஆம் எண், தனியாரின் நற்செயல்களை ஒன்றுகூட்டினால் மட்டும் சமூகச் சிக்கல் தீராது, சமூக இணைப்புகள் வேண்டும் என்கிறது. முன்மாதிரியும் உண்டு. 1987 நவம்பரில் கன்னியாகுமரியிலிருந்து ஓர் அணியும் மராட்டியத்தின் நவாப்பூரிலிருந்து ஓர் அணியும் மேற்குத் தொடர்ச்சி மலையோரமாக ஏறத்தாழ 100 நாள் நடந்து கோவாவில் சந்தித்தன. நமக்குக் கூடலூர் முதல் போடிவரை நடக்கவே மனமில்லை.

கூடலூர், கம்பம், இராயப்பன்பட்டி, உத்தமபாளையம், சின்னமனூர், போடி ஆகிய ஊர்களின் பங்குப் பேரவைகளும் அன்பியங்களும், விவசாய சங்கங்கள், பளியர் குடியிருப்புகள், கோவில் பெரியவர்கள், ஜமாஅத்தார் ஆகியோரோடு சேர்ந்த நிலையான கூட்டமைப்பு ஒன்று வேண்டும். புலிகள் காப்பகம் 2021-இல் வந்தபின் வெளியேற்றத்துக்கு அஞ்சும் மேகமலை, வருசநாட்டு மக்களும் அதில் முதல் வரிசையில் அமர வேண்டும். அவர்களை விட்டுவிட்டு மலையைக் காப்போமென்றால் இடுக்கியின் கதையே இங்கும் நடக்கும். ஊருணிகளையும் ஊற்றுகளையும் கணக்கெடுப்பது, அரசின் திட்ட அறிவிப்புகளை எளிய தமிழில் எழுதி ஊர்தோறும் வாசிப்பது, கிராம சபைக்குத் தவறாமல் செல்வது ஆகியவையே அதன் பணிகள். தலைமை பொதுநிலையினரிடமே இருக்கட்டும். குருக்களை மேடையேற்றினால் வரவேற்புரையிலேயே பாதி நேரம் போய்விடும்.

“ஆன்மாக்களை மீட்க வந்தவருக்கு மலையோடு என்ன வேலை?” என்று கேட்பவர்கள் உண்டு. மனிதரான வார்த்தை நம் மண்ணையும் நீரையும் உண்டு வளர்ந்தவர் என்பதை நம்புகிறவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். “முல்லைப் பெரியாறு வழக்கு இருக்கையில் கேரளத்தாரோடு என்ன உறவு?” என்பது அதனினும் கடினமான கேள்வி. 2011 டிசம்பரில் எல்லை கொதித்தபோது, ஏலத்தோட்டங்களிலிருந்து நம் பெண்கள் உயிருக்கு அஞ்சி மலையிறங்கி ஓடிவந்தார்கள். அவர்களை விரட்டியது பகை. அக்கரையில் நமக்குத் தெரிந்த முகம் இல்லாமற்போனது அப்பகைக்குத் துணை நின்றது. அணையைப் பற்றிய வழக்கு நீதிமன்றத்தில் நடக்கட்டும். குமுளிப் பங்கு மக்களும் கம்பம் பங்கு மக்களும் ஆண்டுக்கு இருமுறை ஒரே பாயில் அமர்ந்து மழையையும் மண்சரிவையும் யானையையும் பற்றிப் பேசுவதற்கு எந்த அரசாணையும் தடை சொல்லவில்லை. இரண்டு ஊருக்கும் இடையே பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.