புள்ளிகளில் பறப்பது இலவசம் அன்று

கடன் அட்டைச் செலவில் சேரும் வெகுமதிப் புள்ளிகளைக் கொடுத்து நெடுந்தூர விமானத்தின் பிசினஸ் கிளாஸில் பறப்பது ஏறத்தாழ இலவசப் பயணம் என்னும் நம்பிக்கை, தமிழகத்தின் வசதி படைத்த வட்டாரங்களில் வேரூன்றிவிட்டது. 2017-இல் கத்தார் ஏர்வேஸ் அறிமுகப்படுத்திய, கதவு வைத்த கியூசூட் சிறந்ததா, 2019-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கொண்டுவந்த கிளப் சூட் சிறந்ததா, எமிரேட்ஸின் பழைய அமைப்புள்ள போயிங் 777-களில் வரிசைக்கு ஏழு இருக்கைகள் இருப்பதால் நடுவில் அமர்பவருக்கு நெருக்கடியா என்றெல்லாம் நுணுகி ஒப்பிடுவோர், அந்த இருக்கைக்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற கேள்வியை மட்டும் எழுப்புவதில்லை.

புள்ளிகளுக்கான பணத்தின் ஒரு பகுதி கடைக்காரரிடமிருந்து வருகிறது. கடன் அட்டையில் நடக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் வங்கிகளும் அட்டை நிறுவனங்களும் கடைக்காரரிடம் பிடித்துக்கொள்ளும் தொகை வணிகர் கட்டணம் எனப்படுகிறது. இந்தியாவில் அது பெரும்பாலும் 2 விழுக்காட்டை ஒட்டி அமைகிறது. கடைக்காரர் இந்தச் செலவைத் தம் விலையில் சேர்க்கிறார். அட்டையில் கொடுப்பவருக்கும் ரொக்கம் கொடுப்பவருக்கும் விலை ஒன்றாகவே இருப்பதால், புள்ளி பெறாதவரும் புள்ளிக்காகச் செலுத்துகிறார். அமெரிக்காவின் பாஸ்டன் பெடரல் ரிசர்வ் வங்கி 2010-இல் வெளியிட்ட ஆய்வு, ரொக்கம் பயன்படுத்தும் ஒரு குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரை அட்டைக் குடும்பங்களுக்கு மறைமுகமாக வழங்குவதாகவும், அட்டை பயன்படுத்தும் ஒரு குடும்பம் 1,133 டாலர் பெறுவதாகவும் மதிப்பிட்டது. இந்தியத் தொகைகள் வேறாக இருக்கலாம். பணம் பாயும் திசை மாறுவதற்குக் காரணம் ஏதுமில்லை.

கொல்லிமலையிலிருந்து பார்த்தால் இது தெளிவாகும். சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் அன்னாசியும் விற்கும் மலையாளிப் பழங்குடி உழவர் ரொக்கம் வாங்குகிறார், அல்லது 2020 முதல் வணிகர் கட்டணம் நீக்கப்பட்ட யுபிஐ வழியாக வாங்குகிறார். ஆகவே அந்தச் சந்தை விலையில் புள்ளிச் சுமை ஏறுவதில்லை. ஆனால் அதே உழவர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கி, நாமக்கல்லில் அட்டை ஏற்கும் ஒரு பெரிய கடையில் ரொக்கம் கொடுத்துக் குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது, புள்ளிகளின் செலவு ஏறிய விலையைத்தான் கொடுக்கிறார். இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றப்படுவது தன் உடைமையைக் கொடுத்ததனால். வங்கியின் வள்ளன்மையோ பிறர் உடைமையைக் கொடுப்பது.

மற்றொரு பகுதி, நிலுவையை முழுமையாகக் கட்ட முடியாத அட்டைதாரர்களிடமிருந்து வருகிறது. அவர்கள் மாதத்துக்கு 3 விழுக்காட்டுக்கும் மேலாக, ஆண்டுக்கு 40 விழுக்காட்டைத் தாண்டும் வட்டியைச் செலுத்த நேர்கிறது. 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டதால், அந்தத் தடுப்பும் இன்று இல்லை.

எப்படியும் காலியாகப் பறக்கவிருந்த இருக்கைதானே, அதனால் யாருக்கு இழப்பு என்று சிலர் வாதிடுவர். 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் வெகுமதித் திட்டத்தைத் தொடங்கியபோது மைல்கள், அதாவது விமான நிறுவனம் தரும் புள்ளிகள், அடிக்கடி பறப்பவருக்கான சலுகையாக இருந்தன. இன்று விமான நிறுவனங்கள் அவற்றை வங்கிகளுக்குப் பணத்துக்கு விற்கின்றன, ஆகவே அந்த இருக்கை முன்கூட்டியே விற்கப்பட்ட சரக்கு. அதற்கு வேறொரு விலையும் உண்டு: பிசினஸ் கிளாஸ் பயணி கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால், அவருக்குரிய கரிம உமிழ்வு சாதாரண வகுப்புப் பயணியினுடையதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று உலக வங்கியின் 2013 ஆய்வு கணக்கிட்டது.

பறப்பவருக்கும் இது முழு ஆதாயம் அன்று. பல நிறுவனங்கள் புள்ளிகளுக்கு மேல் வரியோடு எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் பணமாக வாங்குகின்றன. சேர்த்த புள்ளியின் மதிப்பைக் குறைக்கும் உரிமையும் வழங்கியவரிடமே இருக்கிறது: 2023 செப்டம்பரில் ஆக்சிஸ் வங்கி, மேக்னஸ் அட்டையின் 5 புள்ளிகளுக்கு 4 மைல் என்றிருந்த மாற்று விகிதத்தை 2 மைலாகக் குறைத்தது. மேலும், பணம் கொடுத்தால் 70,000 ரூபாய்ச் சாதாரணச் சீட்டையே வாங்கியிருக்கக்கூடியவர், புள்ளிகளால் 3 இலட்சம் ரூபாய்ச் சீட்டு கிடைத்ததும் 3 இலட்சமும் மிச்சம் என்று எழுதிக்கொள்வது, செய்யவே போகாத செலவைச் சேமிப்பாகக் காட்டும் கணக்கு.

இதைத் தனிமனிதரின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல், கடைக்காரரின் வங்கி அட்டை வழங்கிய வங்கிக்குக் கொடுக்கும் இடைமாற்றுக் கட்டணத்துக்குக் கடன் அட்டைகளில் 0.3 விழுக்காட்டை உச்சவரம்பாக்கியது. பற்று அட்டைகளின் வணிகர் கட்டணத்துக்கு வரம்பு வைத்திருக்கும் ரிசர்வ் வங்கி, கடன் அட்டைகளை மட்டும் விட்டுவைப்பதில் நியாயமில்லை. அங்கும் வரம்பு விதிக்கப்பட வேண்டும். அதனால் புள்ளிகள் சுருங்குமானால், சுருங்கட்டும்.