பூசணிக்காய்க்கு மீசை வரைவோம், ரோட்டில் உடைக்க வேண்டாம்

போன ஆயுத பூஜைக்கு உங்கள் தெருவில் எத்தனை பூசணிக்காய் உடைத்தார்கள்? தெரியாதுதானே. யாராவது இதையெல்லாம் எண்ணுவார்களா?

நான் எண்ணினேன். திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் இருந்து மெயின் ரோடு வரை மொத்தம் 20. லேத்து பட்டறை, வெல்டிங் கடை, டயர் கடை, பஞ்சர் கடை, மெக்கானிக் ஷெட், இரண்டு டீக்கடை, ஒரு ஜெராக்ஸ் கடை எல்லாம் சேர்த்துத்தான். ஜெராக்ஸ் மெஷினுக்கும் கண் படும் போல :-)

வேலை வெட்டி இல்லாமல் எண்ணவில்லை. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. ஊரே லீவு. ஆனால் கன்டெய்னர் யார்டுக்கு ஏது லீவு? கப்பல் வந்தால் பெட்டி இறங்கும், பெட்டி இறங்கினால் ஆள் வேண்டும். அண்ணன் செகண்ட் ஷிஃப்ட் முடித்துவிட்டு ராத்திரி பத்தரை மணிக்கு பைக்கில் வந்துகொண்டிருந்தான். வீட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில், வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் வழுக்கிவிட்டது. ஓட்டியது மெதுவாகத்தான், ஹெல்மெட்டும் போட்டிருந்தான். கீழே கையை ஊன்றியதில் இடது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கியபோது அவன் பேன்ட் முழுக்கக் குங்குமம். அதைப் பார்த்து ரத்தம் என்று நினைத்து அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பின்னால் ஒரு ட்ரெய்லர் வந்திருந்தால்? இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஊர் முழுக்கத்தான் பூசணிக்காய் உடைக்கிறார்கள், வடசென்னைக்கு மட்டும் என்ன தனிக் கதை என்று கேட்பீர்கள். இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்தப் பட்டையில் ரோட்டின் நடுப்பகுதி ட்ரெய்லருக்கும் டேங்கருக்கும் சொந்தம். ஒரு பக்கம் சென்னை துறைமுகம், இன்னொரு பக்கம் 2001ல் தொடங்கிய எண்ணூர் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்). இரண்டுக்கும் போகும் வண்டிகள் இந்த வழியில்தான். பைக்காரனுக்கு மிச்சம் இருப்பது இடது ஓரத்தில் இரண்டு முழ அகலம். அந்த ஓரத்தில்தான் எல்லாப் பட்டறைக்கும் வாசல். வாசலில்தான் உடைப்பார்கள். அதாவது பைக் போகிற இடமும் பூசணிக்காய் விழுகிற இடமும் ஒன்றே.

அதுவும் அது சாதாரண வழுக்கல் இல்லை. திருஷ்டிக்கு உடைக்கும் சாம்பல் பூசணியில் கிட்டத்தட்ட 96 சதவீதம் தண்ணீர். மீதி வழவழ சதையும் விதையும். நாலு வண்டி ஏறினால் விழுதாகிவிடும். ஏற்கெனவே ரோட்டில் சிந்திக் கிடக்கும் டீசல், அதன்மேல் மண், அதன்மேல் இந்த விழுது. போதாக்குறைக்கு ஐப்பசி மழை வேறு நெருங்கும் நேரம். சர்க்கஸ்காரன்கூட பேலன்ஸ் பண்ண முடியாது.

சாலையில் உடைக்காதீர்கள் என்று போலீசாரும் வருடா வருடம் சொல்கிறார்கள். சட்டமும் இருக்கிறது. பொதுவழியில் ஆபத்தோ இடையூறோ உண்டாக்கினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 283வது பிரிவில் 200 ரூபாய் வரை அபராதம். 2024 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் 285வது பிரிவு, அபராதம் 5000 ரூபாய் வரை. ஆனால் சாமி கும்பிட்டுக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருப்பவரிடம் போய் 285வது பிரிவைப் பற்றிப் பேச யாருக்கு மனசு வரும்? எனக்கே வராது.

நான் பி.காம் படிக்கிறேன், அதனால் ஒரு சின்னக் கணக்கு. (பயப்படாதீர்கள், பேலன்ஸ் ஷீட் எல்லாம் இல்லை.) பட்டறைக்காரர் கணக்கில் ஒரு பூசணிக்காய் 120 ரூபாய், பூஜைச் செலவு, அவ்வளவுதான். அண்ணன் கணக்கில் எக்ஸ்ரே, மாவுக்கட்டு, ஆறு வாரச் சம்பளம். இந்த இரண்டாவது தொகை முதல் ஆளின் நோட்டில் எந்தப் பக்கத்திலும் ஏறாது. ஒருவர் செய்யும் காரியத்தின் செலவு சம்பந்தமே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவதைப் பொருளாதாரத்தில் புறவிளைவு என்பார்கள். பரீட்சைக்கு எல்லோரும் ஃபேக்டரிப் புகையைத்தான் உதாரணமாக எழுதுகிறோம். மணலிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறு எதை எழுதுவது? ஆனால் நம் வீட்டு வாசலிலேயே ஒரு உதாரணம் உருண்டு கிடக்கிறது.

இதைப் படித்துவிட்டு, வந்துட்டான்யா சம்பிரதாயத்தைக் குறை சொல்ல என்று கிளம்பாதீர்கள். எனக்கு ஆயுத பூஜை ரொம்பப் பிடிக்கும். வருடம் முழுக்க கிரீஸ் அப்பிக் கிடக்கும் மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பதும், லாரி முன்னாடி இரண்டு வாழைக்கன்று கட்டுவதும், சாமந்தி மாலையும் கலர் பேப்பரும், கடைசியில் பொட்டலத்தில் வரும் பொரி கடலையும்... தீபாவளியை விட எங்கள் ஏரியாவுக்கு இதுதான் பெரிய பண்டிகை என்பேன். சோறு போடும் கருவிக்கு ஒரு நாள் மரியாதை செய்வதில் என்ன தப்பு? பூசணிக்காயும் இருக்கட்டும். அதை உடைத்துத்தான் ஆக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

பூசணிக்காய் எதற்கு வந்தது? வடமொழியில் இதற்குக் கூஷ்மாண்டம் என்று பெயர். கூஷ்மாண்ட பலி என்பார்கள். உயிர்ப்பலிக்குப் பதிலாகக் கொடுப்பது. உள்ளே குங்குமம் கொட்டிச் சிவப்பாக்குவதும் ரத்தத்துக்குப் பதிலாகத்தான். ஆக, இதுவே ஒரு மாற்று ஏற்பாடு. ஆடு வெட்ட வேண்டாம், காய் போதும் என்று ஒரு காலத்தில் நம் ஆட்கள் மாற்றியிருக்கிறார்கள். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. அப்போது அதை மாற்றலாம் என்றால் இப்போது இன்னும் ஒரு படி மாற்றக்கூடாதா?

அதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் வேண்டாம். கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை அண்ணாந்து பாருங்கள். உருட்டு விழி, முறுக்கு மீசை, தொங்கும் நாக்கோடு ஒரு பூசணிக்காய் தொங்கும். கொத்தனார்கள் வரைந்து மாட்டியது. அதுவும் திருஷ்டிக்குத்தான். அதை யாரும் உடைப்பதில்லை. ஒரே காய், ஒரே வேலை, இரண்டு வழக்கம். ஒன்றில் எலும்பு முறிகிறது, இன்னொன்றில் முறிவதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது?

மேல்நாட்டிலும் இதே மாதிரி ஒரு மாற்றம் நடக்கிறது. அக்டோபர் 31ல் ஹாலோவீன் கொண்டாடுகிறார்கள் இல்லையா, பூசணியில் கண் மூக்கு செதுக்கி உள்ளே விளக்கு வைப்பார்களே, அதை முதலில் அயர்லாந்தில் டர்னிப் கிழங்கில்தான் செதுக்கினார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அங்கே விளைந்த பெரிய பூசணிக்கு மாறினார்கள். இப்போது அங்கேயும் பலர் கத்தியை விட்டுவிட்டுப் பெயின்டும் கலர் பேப்பரும் எடுத்துவிட்டார்கள். வெட்டினால் சில நாளில் அழுகிவிடும், வெட்டாவிட்டால் வாரக்கணக்கில் இருக்கும், குழந்தைகள் கையிலும் தைரியமாகக் கொடுக்கலாம். நம்ம ஊர் வெயிலுக்கு இந்தக் கணக்கு இன்னும் பொருந்தும். (அவர்களுடையது நம் பரங்கிக்காய் ஜாதி. அது அமெரிக்காவில் இருந்து நமக்கு வந்தது, பரங்கி என்ற பெயரே சொல்லும். சாம்பல் பூசணி ஆசியாக்காரன்.)

சரி, எப்படிச் செய்வது? 2025ல் நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். பெரிய கலை ஞானம் எல்லாம் தேவையில்லை. எனக்கு வட்டமே ஒழுங்காக வராது.

முதலில் காய். நன்றாக முற்றியது, மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்தது, காம்போடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அடிபட்ட காய் வேண்டாம். முகம் வரையும் பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அந்தச் சாம்பல் ஒருவித மெழுகு, அது இருந்தால் கலர் ஒட்டாது. மற்ற பக்கங்களில் துடைக்காதீர்கள், காயைக் காப்பாற்றுவதே அதுதான்.

அடுத்து கலர். வெள்ளைக்குக் கோல மாவைக் கெட்டியாகக் கரைத்தால் போதும். கறுப்புக்கு அடுப்புக்கரியை இடித்துக் கஞ்சியில் குழைக்க வேண்டும். சிவப்புதான் எனக்குப் பிடித்தது: மஞ்சள்தூளில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் ரத்தச் சிவப்பாகிவிடும். ஆரத்தித் தட்டில் நாம் கரைப்பது அதேதான், அதுவும் திருஷ்டிக்குத்தான்! காய்ந்தால் கொஞ்சம் மங்கும், மறுநாள் இன்னொரு பூச்சு கொடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் பத்து ரூபாய் போஸ்டர் கலர் வாங்கிக்கொள்ளுங்கள்.

மீசைக்குத் தேங்காய் நார், கண்ணுக்குச் சார்ட் பேப்பர், காதுக்குப் பழைய காலண்டர் அட்டை, ஓரத்துக்கு ஜிகினா. எல்லாம் ஃபெவிகாலில் ஒட்டும். பாரிமுனை பக்கம் போனால் ஆண்டர்சன் தெருவில் காகிதம் இல்லாத ரகம் இல்லை. ஆணி, குண்டூசி மட்டும் குத்தவே குத்தாதீர்கள். ஒரு ஓட்டை போதும், அங்கிருந்து அழுகல் தொடங்கிவிடும்.

உருளாமல் நிற்க, பழைய துணியைச் சும்மாடு மாதிரி சுருட்டி அதன்மேல் வையுங்கள். தொங்கவிடுவதாக இருந்தால் கயிற்று உறி கட்டி, ஆள் நடக்காத இடமாகப் பாருங்கள். ரோட்டில் வழுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தலையில் விழ வைத்தால் நன்றாகவா இருக்கும்?

வீட்டுக்கு ஒன்று செய்த பிறகு பட்டறைகளுக்கும் போய்க் கேட்டுப் பார்த்தேன். லேத்து பட்டறை அண்ணன் சிரித்தார்.

"இன்னா தம்பி, உடைக்காம வுட்டா திருஷ்டி எப்டிபா போவும்?"

"உங்க புது வூட்டு மாடியில மீசை வெச்சி ஒண்ணு தொங்குதே, அத உடைச்சீங்களாண்ணே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உன் அண்ணனுக்குக் கை இப்ப எப்டி கீது?" என்று கேட்டார். இப்போதும் கனமான பெட்டி தூக்கினால் வலிக்கிறது என்றேன். "சரி, வரைஞ்சி குடு. மீசை பெருசா இருக்கணும்" என்றார்.

2025 அக்டோபர் 1 அன்று எங்கள் தெருவில் மூன்று பட்டறை வாசலில் முழுப் பூசணிக்காய்கள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கற்பூரம் ஏற்றினார்கள், மூன்று சுற்று சுற்றினார்கள், வாசலில் வைத்துவிட்டார்கள். பூஜையில் ஒரு குறையும் இல்லை. மற்ற 20 பேர் வழக்கம் போல உடைத்தார்கள். நானும் மூன்று நண்பர்களும் ஒன்பது மணிக்கு மேல் துடைப்பமும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய் அள்ளினோம். நாலு கோணி வந்தது. அள்ளிய இடத்தில் மண் தூவினோம்.

உடைத்துவிட்டு உடனே அள்ளிவிட்டால் போதாதா என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. தன் வாசலைத் தானே அள்ளினால் போதும்தான். ஆனால் பூஜை முடிந்து கடையைப் பூட்டிப் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போகும் ஆள் திரும்பி வந்து அள்ளுவதை நான் பார்த்ததில்லை. அள்ளியது போக எண்ணெய்ப் பசை மாதிரி ஒரு படலமும் தங்கிவிடுகிறது. நாலு பேர் இடுப்பொடியத் தேய்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

இன்னொரு கேள்வி, முகம் வரைந்த காயை அப்புறம் என்ன செய்வது? கோல மாவும் மஞ்சளும்தானே, கழுவிவிட்டு மோர்க்குழம்பு வைக்கலாம் என்றேன். திருஷ்டி சுற்றிய காயைச் சமைக்க மாட்டேன் என்று அம்மா ஒரே பிடிவாதம். அதுவும் சரிதான், நம்பிக்கை அவரவர் விருப்பம். மூன்று வாரம் வாசலில் இருந்தது, பிறகு பின்பக்கம் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டோம். சுற்றாமல் சும்மா அலங்காரத்துக்கு வைத்தால் தாராளமாகக் கூட்டு வைக்கலாம், காசி அல்வா கிண்டலாம். எப்படியானாலும் காய் விற்பவருக்கு நஷ்டம் இல்லை, காய் வாங்கத்தானே போகிறோம்.

23ல் 3 என்பது பெரிய வெற்றி இல்லை, தெரியும். ஆனால் அந்த மூன்று வாசலையும் அன்று ராத்திரி அண்ணன் தன் பைக்கில் கடந்துதான் வீட்டுக்கு வந்தான். அடுத்த ஆயுத பூஜைக்கு உங்கள் தெருவில் ஒரே ஒரு கடைக்காரரிடமாவது கேட்டுப் பாருங்கள். வரைந்து கொடுக்க ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். வட்டம் கோணலாக இருக்கும், மீசை மட்டும் பெரிதாக இருக்கும்.

டிஸ்கி: லாரி டயருக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை :-)