சிவப்புக் கோடு மட்டும் போதுமா?



மாணவனின் கட்டுரையில் பிழை நான்காம் வரியில் உள்ளது. ஆசிரியரோ ஐந்தாம் வரியில் சிவப்புக் கோடிட்டு, 'தவறு' என்று மட்டும் எழுதித் தருகிறார். இத்தகைய திருத்தத்தை நாம் ஏற்போமா? தலைமையாசிரியரிடம் முறையிட மாட்டோமா? ஆனால், நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்குக் கணினி நெடுங்காலமாக இதைத்தான் செய்துவந்துள்ளது.

எம் கணினி வகுப்பில் ஒரு மாணவன் நான்காம் வரியில் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டான். 'தொடரமைப்பு செல்லாது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி தோன்றியது. அது சுட்டியதோ ஐந்தாம் வரியை! குற்றமற்ற அவ்வரியை அவன் மும்முறை அழித்து எழுதினான். இறுதியில், "எனக்கு இது வராது, டீச்சர்" என்றான். வராதது யாருக்கு? பிழையைச் சுட்டத் தெரியாத கருவிக்கா, பிள்ளைக்கா?

"எழுதுபவரின் எண்ணத்தைக் கணினி எங்ஙனம் அறியும்?" என்பர் சிலர். அறிய முடியும் என்பதற்குப் பைத்தான் மொழியே சான்று. 1991-இல் வெளிவந்த அம்மொழி, 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில்தான், மூடப்படாத அடைப்புக்குறியையே சுட்டி, 'இது மூடப்படவில்லை' என்று சொல்லத் தொடங்கியது. பெயரைப் பிழையாக எழுதினால், 'இதையா கருதினீர்கள்?' என்று சரியான பெயரையும் முன்வைக்கிறது. எல்ம் மொழி 2015-லேயே பிழைகளைப் பொறுமையாக விளக்கும் செய்திகளைத் தந்தது. ஆக, இயலாமை அன்று. பயில்வோருக்கு முதன்மை தராமையே காரணம்.

"தடுமாறினால்தானே கற்பார்கள்?" என்பது அடுத்த வாதம். காரணத்தைத் தேடுவது பயிற்சி. தவறான இடத்தில் தேடுவது வீண் அலைச்சல். "செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் போயிற்று" என்பாரும் உளர். அது திருத்திய நிரலையே கையில் கொடுத்துவிட்டால், பிள்ளை படியெடுக்கத்தான் பழகும். நல்ல பிழைச்செய்தி விடையைத் தராது. பிழை எங்கே, என்ன, ஏன் என்று காட்டி ஒதுங்கிக்கொள்ளும்.

இன்னொரு குறையும் உண்டு. பைத்தானின் செய்திகள் இன்றும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழ்ப்பள்ளி மாணவனுக்கோ அது தமிழுக்கும் மலாய்க்கும் அடுத்த மொழி. நிரலின் சிக்கலோடு மொழியின் சிக்கலையும் பத்து வயதுப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்?

ஆசிரியர்களே, உங்கள் கணினிக்கூடத்தில் 3.10-க்கு முந்தைய பதிப்பு இருந்தால் மாற்றக் கோருங்கள். பெற்றோர்களே, பிள்ளை 'வராது' என்றால், முதலில் திரையில் தோன்றிய செய்தியைப் படித்துப் பாருங்கள். அச்செய்தி உங்களுக்கே விளங்கவில்லையெனில், பிள்ளையைக் கடிந்துகொள்வது எவ்வகை நியாயம்?

சிந்திப்போம்!