லொறி வெடிக்கவில்லை

‘டூயல்’ படம் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கடைசியில் அந்த லொறிக்கு என்ன நடந்தது என்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறுபதைத் தொட்ட பழைய இங்கிலிஷ் படப் பைத்தியங்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். “பள்ளத்தில விழுந்து டமாரென்று வெடிச்சதே, மறக்க ஏலுமா?” என்பார்கள். நெருப்பு எவ்வளவு உயரத்துக்கு எழும்பியது என்று கையாலும் காட்டுவார்கள்.

லொறி வெடிக்கவில்லை. உருண்டு விழுந்தது, நொறுங்கியது, சக்கரம் மெல்லச் சுழன்று நின்றது. அவ்வளவுதான்.

படம் தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டு, 1971 நவம்பரில் ஒளிபரப்பான படம். இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க், அப்போது அவருக்கு 24 வயது. எடுத்து முடிக்க இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கதையும் ஒரு வரிக் கதைதான். சிவப்பு பிளிமத் காரில் போகும் ஒரு சாதாரண விற்பனைப் பிரதிநிதி, துருப்பிடித்த ஒரு பெரிய எண்ணெய் லொறியை முந்திச் செல்கிறார். அதற்குப் பிறகு அந்த லொறி அவரை விடுவதேயில்லை. ஏன் துரத்துகிறது என்று கடைசிவரை யாரும் சொல்வதுமில்லை. கார் துரத்தும் படங்களில் இன்றைக்கும் இதை மிஞ்ச ஆளில்லை என்பது எங்கள் கட்சி. மாற்றுக் கட்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

இந்தப் படத்தைப் பற்றி எங்கள் வட்ஸ்அப் குழுவில் இரண்டு கிழமையாகச் சண்டை. சண்டை என்றால் சும்மா இல்லை. நாற்பது வருடப் பழக்கமுள்ள மனிதர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள், ஒருவரையொருவர் “பொய்க்காரன்” என்று எழுதும் அளவுக்கு. ஒருவர் லொறி டிரைவருக்குத் தாடி இருந்தது என்றார். இன்னொருவர், இல்லை மொட்டைத் தலை என்றார். உண்மையில் அந்த டிரைவரின் முகத்தைப் படம் காட்டுவதே இல்லை. ஜன்னலால் நீளும் ஒரு கை, லொறிக்குக் கீழால் தெரியும் சப்பாத்து, இவ்வளவுதான். ஸ்பீல்பேர்க் வேண்டுமென்றே விட்ட வெற்றிடம் அது. ஐம்பது வருடத்தில் ஆளுக்கொரு முகத்தால் அதை நிரப்பிவிட்டார்கள்.

எங்கே பார்த்தார்கள் என்பதிலும் ஒற்றுமை இல்லை. சவோயில் என்று ஒரு பக்கம், மெஜஸ்டிக்கில் என்று இன்னொரு பக்கம். எங்கள் வயதுக்காரர்களில் பலர் டெக்கில் பார்த்தவர்கள். டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, வீட்டு விறாந்தையில் அயலவர்களெல்லாம் கூடி, விடியவிடிய மூன்று படம் பார்த்த காலம். முதல் படத்தின் அடி இரண்டாம் படத்தின் வில்லனுக்கு விழுந்திருக்கும், நித்திரைக் கண்ணில் யார் கண்டது? கொப்பிக்குக் கொப்பி எடுத்த கசெட்டில் சிவப்புக் காரும் மண்ணிறமாகத்தான் தெரியும்.

ஆனால் இந்தச் சண்டையில் எங்களுக்குப் பெரிய பாடமாக அமைந்தவை வேறு இரண்டு.

ஒன்று, பாடசாலை பஸ். பழுதாகி நிற்கும் ஒரு பஸ்ஸைக் காரால் தள்ள முயன்று கார் மாட்டிக்கொள்ளும் காட்சி. எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கனடாவில் இருக்கும் ஒரு நண்பர் மட்டும், அப்படி ஒரு காட்சியே கிடையாது என்று அடித்துச் சொன்னார். தான் பார்த்தது அந்தக் காலத்து டீவியில் என்றார். அவருக்கு மறதி வந்துவிட்டது என்று சிலர் துஆவும் கேட்டார்கள். விஷயம் என்னவென்றால், தொலைக்காட்சியில் போன படம் ஏறக்குறைய 74 நிமிடம். வெளிநாட்டுத் தியேட்டர்களுக்கு அனுப்ப அது போதாது என்று பிறகு புதுக் காட்சிகள் எடுத்துச் சேர்த்து 90 நிமிடமாக்கினார்கள். பஸ் காட்சியும், ரயில் கடவையில் லொறி காரைத் தள்ளும் காட்சியும் அப்படிச் சேர்ந்தவை. ஆக, இரண்டு பக்கமும் உண்மைதான் பேசியிருக்கிறது. இரண்டு பேர் பார்த்ததும் இரண்டு படம்.

மற்றது இதைவிட விசேஷம். துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு நானா, “அந்தப் படத்தில ஒரு பச்சை நிற ராட்சசன் வருவானே” என்று ஒருமுறை கேட்டுவிட்டு, வருடக்கணக்காகக் கேலி வாங்கியவர். கலியாண வீட்டிலும் விடமாட்டார்கள், பாவம். ஆனால் 1978 இல் ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரின் ஒரு கதையில், யூனிவர்சல் நிறுவனம் காசை மிச்சம் பிடிக்க டூயல் படத்தின் துரத்தல் காட்சிகளையே வெட்டி ஒட்டியிருக்கிறது. அதே சிவப்புக் கார், அதே துருப்பிடித்த லொறி, கூடவே பச்சை ராட்சசன். கேலி வாங்கிய மனிதர் தான் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்.

சரி, லொறி வெடித்த கதைக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது? கடைசியில் கதாநாயகன் பெட்டியை அக்ஸிலரேட்டரில் முட்டுக்கொடுத்துவிட்டுக் காரிலிருந்து பாய்கிறார். லொறி காரை மோதுகிறது. கார் தீப்பற்றி எரிகிறது. அந்தப் புகையில் வழி தெரியாமல்தான் லொறி பள்ளத்துக்குப் போகிறது. ஆகவே நெருப்பு இருந்தது, காரில் இருந்தது. லொறியின் முதுகில் ‘தீப்பற்றக்கூடியது’ என்று பெரிய எழுத்தில் வேறு எழுதியிருக்கிறது. படம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மனதுக்குள்ளேயே லொறியைக் கொளுத்திவிட்டார். தொலைக்காட்சிக்காரர்களும் லொறியை வெடிக்க வைக்கத்தான் கேட்டார்களாம், ஸ்பீல்பேர்க் மறுத்துவிட்டாராம். பார்த்தவர்களின் ஞாபகம் தொலைக்காட்சிக்காரர்களின் ஆசையை நிறைவேற்றிவிட்டது.

இதை வேடிக்கை என்று விட்டுவிடலாம். ஆனால் பிள்ளைகளோடு வேலை செய்யும் நாங்கள் விடமாட்டோம். “பொய்க்காரன்” என்ற அந்தச் சொல்தான் எங்களை உறுத்துகிறது.

1974 இல் அமெரிக்காவில் எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 150 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத் துண்டொன்றைக் காட்டினார்கள். 50 பேரிடம் “கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?” என்று கேட்டார்கள். 50 பேரிடம் “இடித்தபோது என்ன வேகம்?” என்றார்கள். மிச்ச 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒரு கிழமை கழித்து எல்லோரிடமும் ஒரே கேள்வி: உடைந்த கண்ணாடி கண்டீர்களா? படத்தில் உடைந்த கண்ணாடி கிடையாது. ‘நொறுங்கிய’ என்று கேட்கப்பட்டவர்களில் 16 பேர் கண்டோம் என்றார்கள். ‘இடித்த’ என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர். மற்றவர்களில் 6 பேர். கேள்வியில் ஒரு சொல் மாறியதற்கு இத்தனை கண்ணாடி உடைந்தது. அந்தப் 16 பேரும் பொய் சொல்லவில்லை.

இடைவேளையில் இரண்டு பிள்ளைகள் சண்டை பிடித்தால் நாங்கள் எப்படி விசாரிக்கிறோம் என்பதை ஆசிரிய நண்பர்கள் ஒருகணம் யோசிக்க வேண்டும். “யார் முதலில் அடிச்சது?” என்று வகுப்புக்கு நடுவில் நிறுத்திக் கேட்டால், உரத்துச் சொல்லும் பிள்ளையின் கதையே நாற்பது பிள்ளைகளின் ஞாபகமும் ஆகிவிடும்.

நம்முடைய ஹதீஸ் கலை அறிஞர்களுக்கு இது ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. ஓர் அறிவிப்பாளரை எடைபோடும்போது இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஒன்று அவருடைய நேர்மை. மற்றது ‘ழப்த்’, அதாவது கேட்டதைப் பிசகாமல் காக்கும் திறன். மிக நல்ல மனிதர், தொழுகையாளி, பொய்யே அறியாதவர், ஆனாலும் மனனம் பலவீனம் என்று எழுதிவைத்தார்கள். அதை அவமானமாக எழுதவில்லை, கணக்காக எழுதினார்கள். எகிப்தின் காழி இப்னு லஹீஆவின் கிதாபுகள் எரிந்துபோன பிறகு அவருடைய அறிவிப்புகள் குழம்பின என்று சொல்வார்கள். அதற்காக அவரை முழுதாகத் தள்ளிவிடவில்லை. முன்பு அவரிடம் கேட்டவர்கள் யார், பின்பு கேட்டவர்கள் யார் என்று பிரித்தார்கள். எப்போது கேட்டாய், யாரிடம் கேட்டாய், உன்னோடு வேறு யார் கேட்டது? இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட எங்கள் வட்ஸ்அப் குழுவில் யாரும் கேட்கவில்லை, நேரே தீர்ப்புத்தான்.

டூயல் பரவாயில்லை. சந்தேகம் வந்தால் படத்தைப் போட்டுப் பார்த்துவிடலாம். போட்டுப் பார்க்க முடியாதவற்றை என்ன செய்வது?

1983 ஜூலையில் கொம்பனித்தெரு ரியோ தியேட்டர் எரிந்தது. ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது அங்கிருந்த படங்களின் நெகட்டிவ்களும் சேர்ந்து போயின. அந்தப் படங்களில் சில, பார்த்தவர்களின் தலைக்குள் மட்டும்தான் இன்று மிச்சம். அதே கிழமையில் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் நடந்ததற்கும் பெரும்பாலும் அதே கதிதான். யார் வீட்டு மதிலால் யார் குதித்தார்கள், யார் கதவைத் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்பதெல்லாம் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அந்த ஞாபகத்துக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது சனங்களின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு காசு கொண்டுபோக விட்டார்கள் என்று கேட்டால் ஒரு வாப்பா 150 ரூபா என்பார், இன்னொருவர் 500 என்பார். உடனே யாராவது கிளம்புவார்கள்: “பாருங்கோ, ஆளுக்கொரு கதை, எல்லாம் கூட்டிச் சொல்றது.” பொறுங்கள். அந்தத் தொகை பகுதிக்குப் பகுதி வேறுபட்டது என்று பதிவாகியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நடந்தது மன்னாரில் அப்படியே நடக்கவில்லை. 74 நிமிடப் படமும் 90 நிமிடப் படமும் போல, இரண்டு பேருமே தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி “எந்த ஊர்?” என்பது.

சில இடங்களில் உண்மையாகவே பிழையும் இருக்கும். வந்த வேனின் நிறத்தை ஒரு தாய் மாற்றிச் சொல்லலாம், கிழமையை மாற்றிச் சொல்லலாம். முப்பது வருடமாக எத்தனை விசாரணைக்குழு, எத்தனை மேசை, ஒவ்வொரு மேசையிலும் வேறு வேறு மாதிரிக் கேள்வி! கிழமை பிசகியதற்காக மகன் காணாமல் போகவில்லை என்று ஆகிவிடுமா? லொறி வெடித்தது என்று சொல்பவர் படமே பார்க்கவில்லை என்று நாம் சொல்வதில்லையே.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டூயல் படத்தில் ஒரு சாப்பாட்டுக்கடைக் காட்சி வருகிறது. லொறி டிரைவரின் சப்பாத்தை மட்டும் கண்ட கதாநாயகன், அதேமாதிரி சப்பாத்துப் போட்ட ஒருவரைக் கண்டு, இவன்தான் என்று முடிவுகட்டிப் போய்ச் சண்டைக்கு நிற்கிறார். ஆள் அவரில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் நடமாடிய நமக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை. தாடியையும் அபாயாவையும் பார்த்து “நான் கண்டேன்” என்றவர்கள் எல்லோரும் பொய்யர்கள் அல்ல. பலருக்கு உறுதியாகவே தெரிந்தது. உறுதி வேறு, சரி வேறு. நம் பக்கத்துக் கதைகளுக்கும் இதே அளவுகோல்தான். நமக்குச் சாதகமான ஞாபகத்தை மட்டும் சோதிக்காமல் விட முடியாது.

ஆகவே எங்கள் பாடசாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த விடுமுறைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள மூத்தவர் ஒருவரின் ஞாபகத்தை ஃபோனில் பதிவுசெய்ய வேண்டும். மூத்தம்மாவையும் அப்பாவையும் ஒன்றாக இருத்தி வைத்துக் கேட்கக் கூடாது, தனித்தனியாகத்தான். “அவங்க அடிச்சாங்களா?” என்று கேட்கக் கூடாது, “என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இடையில் திருத்தக் கூடாது. நேரில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, டீவியில் பார்த்ததா என்று கடைசியில் கேட்டுக் குறிக்க வேண்டும். இரண்டு பேர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் அப்படியே எழுத வேண்டும். மதிப்பெண் குறையாது. “சேர், ரெண்டில எது சரி என்று நாங்க முடிவு செய்ய வேணாமா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. இப்போதைக்கு வேண்டாம் மகள், முதலில் இரண்டும் பத்திரமாக இருக்கட்டும் என்றோம்.

இனி உங்கள் முறை. 1968 இல் வந்த ‘புல்லிட்’ பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஸ்டீவ் மக்குயின் ஓட்டிய மஸ்டாங் காரின் நிறம் என்ன? சன் பிரான்சிஸ்கோ மேட்டுத் தெருக்களில் துரத்தும்போது பின்னணியில் இசை ஒலித்ததா, இல்லையா? படம் எங்கே முடிகிறது? யூடியூபைத் திறக்க வேண்டாம். மற்றவர்களின் கொமெண்டை வாசிக்கவும் வேண்டாம். முதலில் உங்களுடையதை எழுதிவிடுங்கள், எந்தத் தியேட்டரில் எந்த வயதில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து. அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.