அபராதம் போட்டால் கண் கூர்மையாகிவிடுமா?

ஓசூர் தொழிற்சாலைகளில் பயிற்சி வகுப்பெடுக்கும் ஒருவர் உளவியல் அறிமுகம் என்று எழுதியிருக்கும் கட்டுரையைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. தொழிலாளியின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்வது வீண்வேலையாம். பரிசு கொடுத்தால்தான் கற்பான், அபராதம் போட்டால் தப்பு செய்யமாட்டானாம். 1913-இல் உளவியலாளர் வாட்சன் அறிவித்த, வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராயும் நடத்தைவாதத்தோடு உளவியல் முடிந்துவிட்டது என்று நம்புகிறவரிடம் நம் பிள்ளைகள் பாடம் கேட்கிறார்கள்.

பரிசில்லாமல் கற்றல் இல்லை என்பது 1930-லேயே அடிபட்டுப்போன வாதம். உளவியலாளர்கள் டோல்மனும் ஹான்சிக்கும் பத்து நாள் உணவே வைக்காமல் எலிகளைப் புதிர்ப்பாதையில் அலையவிட்டார்கள். பதினோராம் நாள் உணவு வைத்தார்கள். மறுநாளே அவை, முதல் நாளிலிருந்து உணவு பெற்றுவந்த எலிகளுக்கு இணையாக ஓடின. பரிசு வருமுன்பே வழி மனசில் பதிந்திருந்தது.

எலியை விடுங்கள். பாகலூர் ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் கால் மணி நேரம் நில்லுங்கள். வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் ஆறு வயசுப் பிள்ளை, கடைக்காரரிடம் கன்னடத்தில் மிச்சக் காசு கேட்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யார் மிட்டாய் கொடுத்தார்கள்? மொழியையும் பழக்கக் கணக்கில் சேர்த்து நடத்தைவாதி ஸ்கின்னர் 1957-இல் புத்தகம் எழுதினார். கேட்டேயிராத வாக்கியத்தைக் குழந்தை எப்படிப் பேசுகிறது என்று கேட்டு, 1959-இல் மொழியியலாளர் சாம்ஸ்கி அந்தப் புத்தகத்தைப் பிய்த்து உதறினார். அறிமுகக் கட்டுரையில் சாம்ஸ்கியின் பெயரே இல்லை.

அபராதத்துக்கு வருகிறேன். நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். அலுமினிய காஸ்டிங்கை விளக்கடியில் திருப்பித் திருப்பி, ஊசிமுனை அளவு ஓட்டை தேட வேண்டும். நைட் ஷிப்டில் இரண்டு மணிக்கு மேல் கை திருப்பும், கண்ணும் பார்க்கும், ஓட்டை மட்டும் தெரியாது. அப்படி ஒரு பீஸ் போய்விட்டது. மெமோ வந்தது, ஒரு நாள் சம்பளம் போனது. அடுத்த வாரம் பயத்தோடு உட்கார்ந்தேன். மறுபடியும் ஒன்றைத் தவறவிட்டேன்.

இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்ப்பவர்கள் ஏன் சிக்னலைத் தவறவிடுகிறார்கள் என்ற கேள்வியோடு கேம்பிரிட்ஜில் உளவியலாளர் மேக்வொர்த் சோதனை செய்தார். முடிவுகள் 1948-இல் வெளிவந்தன. எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும் ஒரு கடிகார முள்ளைத்தான் பார்க்கச் சொன்னார். முதல் அரை மணியிலேயே கண்டுபிடிப்பது குறைந்துவிட்டது. அரை மணிக்கு ஒருமுறை ஓய்வு கொடுத்தபோது அந்தச் சரிவு நின்றது. கவனத்துக்கு எல்லை உண்டு; அது ஒழுக்கக் கேடல்ல.

என் மெமோவில் ‘காரணம்’ என்ற இடத்தில் ‘கவனக்குறைவு’ என்று முன்கூட்டியே டைப் அடித்திருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அடித்தது. அந்த வார்த்தைக்குத்தான் அந்தக் கட்டுரையாளர் விஞ்ஞானம் என்று முத்திரை குத்துகிறார்.