கோடையிலேயே கேளுங்கள்!

பனி கொட்டிய பிறகு உப்பைத் தேடி என்ன பயன்?

இங்கிலாந்தில் சாலை உறையாதிருக்க உப்புத் தூவுவது உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. 'எங்கள் தெருவுக்கு லாரி வரவில்லையே' என்று மக்கள் குமுறுவார்கள். 'முக்கியச் சாலைகளுக்கே முதலிடம்' என்று மன்றங்கள் கைவிரிக்கும்.

பனிக்கட்டியை அகற்றுவது மன்றத்தின் சட்டக் கடமையல்ல என்று 2000-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 2003-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதைக் கடமையாக்கியது. ஆனால், 'நியாயமாக இயன்றவரை' என்றொரு வாசல் திறந்தே இருக்கிறது!

2010 ஜனவரியில் உப்புக்கே தட்டுப்பாடு! தூவுவதைக் குறைக்கும்படி அரசே சொன்னது. அதே ஆண்டு டேவிட் குவார்ம்பி குழு, 48 முறை தூவுவதற்கான உப்பைக் குளிர்காலத்துக்கு முன்பே சேமிக்கப் பரிந்துரைத்தது.

சகோதரர்களே! வசை பனியைக் கரைக்காது. கிடங்கில் எத்தனை டன்? பட்டியலில் எந்தெந்தத் தெரு? இதைக் கோடையிலேயே கேட்பவர்களிடம் எந்த மன்றமும் சாக்குச் சொல்லித் தப்ப முடியாது!