ஒரே பெயர், உள்ளே வேறு வேறு மெஷின்: 'கொமடோர் 64' வாங்குவோர் கவனிக்க வேண்டியது என்ன?

1994-ல் திவாலான கொமடோர் நிறுவனத்தின் பெயர் 2025-ல் திடீரென்று மறுபடியும் செய்திகளில் அடிபட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பற்றி யூடியூபில் வீடியோ போட்டுவந்த கிறிஸ்டியன் சிம்ப்சன் தலைமையிலான குழு அந்த பிராண்டைக் கைப்பற்றியது. அதே ஆண்டு ஜூலையில் 'கொமடோர் 64 அல்டிமேட்' என்ற புது மெஷினையும் அறிவித்தது. அறிவித்தபோது ஆரம்ப விலை 299 டாலராக இருந்தது. பழைய கொமடோர் 64-ன் சர்க்யூட்டை அப்படியே மறுபடியும் உருவாக்குவதுதான் திட்டம்.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. எந்தப் பழைய கொமடோர் 64?

1982-ல் 595 டாலருக்கு விற்பனைக்கு வந்த இந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது 64 கிலோபைட் மெமரி, ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பிராசஸர், அவ்வளவுதான். ஆனால், சுமார் 12 ஆண்டுகள் சந்தையில் தாக்குப்பிடித்தது. 1.25 கோடி முதல் 1.7 கோடி வரை விற்றிருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அத்தனை ஆண்டுகளும் செலவைக் குறைக்க நிறுவனம் உள்ளே சிப்களை மாற்றிக்கொண்டே இருந்தது. பெட்டி மேலே பெயர் மட்டும் மாறவில்லை.

பிழையைத் திருத்தினார்கள், குரல் போச்சு!

பெரிய தகராறு சவுண்ட் சிப்பில்தான். பாப் யானெஸ் வடிவமைத்த 'சிட்' சிப்பின் முதல் வடிவம் 6581. அதில் ஒரு கோளாறு இருந்தது. வால்யூமை மாற்றும்போதெல்லாம் லேசாக 'டிக்' என்று சத்தம் வரும். புரோகிராமர்கள் சும்மா விடுவார்களா? வால்யூமை நொடிக்குப் பல ஆயிரம் தடவை ஏற்றி இறக்கி, அந்த 'டிக்'குகளைக் கோத்தே பதிவுசெய்த மனிதக் குரலையும் டிரம்ஸ் சத்தத்தையும் ஒலிக்கச் செய்தார்கள்.

பின்னர் வந்த 8580 சிப்பில் இந்தக் கோளாறு பெருமளவு சரிசெய்யப்பட்டது. இன்ஜினீயரிங் பார்வையில் இது முன்னேற்றம்தான். ஆனால், பழைய கேம்களில் கணீரென்று கேட்ட குரல், புது மெஷினில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, 6581-ன் ஃபில்டர் ஒவ்வொரு சிப்பிலும் கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்யும். இசையமைத்தவர் தன் மெஷினில் கேட்டதும் நீங்கள் உங்கள் மெஷினில் கேட்பதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 'அசல் ஒலி இதுதான்' என்று யாராவது அடித்துச் சொன்னால், அது அவர் வளர்ந்த வீட்டில் இருந்த மெஷினின் ஒலி என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது டிவி. ஐரோப்பாவில் 'பால்' முறை (கறக்கிற பால் இல்லை, அந்தக் கால டிவி ஒளிபரப்பு முறை), அமெரிக்காவில் என்டிஎஸ்சி. முதலாவதில் நொடிக்கு 50 தடவை திரை புதுப்பிக்கப்படும், இரண்டாவதில் 60 தடவை. பல கேம்கள் திரையின் தாளத்துக்கே ஓடியதால், ஐரோப்பிய கேமை அமெரிக்க மெஷினில் போட்டால் பாட்டும் ஆட்டமும் சுமார் 20 சதவீதம் வேகமெடுக்கும். சில கேம்கள் ஓடவே ஓடாது. காரணம், 'பால்' மெஷினில் ஒரு திரைக்கு 19,656 கிளாக் சைக்கிள்கள் கிடைக்கும். பிற்கால அமெரிக்க மெஷினில் 17,095-தான். அந்தக் கூடுதல் நேரத்தை நம்பி எழுதிய கோடு அங்கே மூச்சு வாங்கும்.

பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம்

1986-ல் வெள்ளை நிற, ஒல்லியான 64சி வந்தது. அப்படியானால் பழுப்பு நிறக் குண்டுப் பெட்டியில் பழைய சிப், வெள்ளையில் புது சிப் என்று பிரித்துவிடலாமா? முடியாது. ஆரம்பகால 64சி சிலவற்றில் பழைய போர்டுதான் இருக்கிறது. ஜெர்மனியில் நேர்மாறாக, பழைய வடிவப் பெட்டிக்குள் புது போர்டு வைத்தும் விற்றார்கள். மூடியைத் திறந்து சிப்பின் மேல் உள்ள எண்ணைப் படிப்பது ஒன்றே வழி. இது வெறும் ஆர்வக்கோளாறு இல்லை: 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட். பழைய போர்டில் புது சிப்பை அப்படியே சொருகினால், தேடிப்பிடித்து வாங்கிய சிப் கருகிவிடலாம்.

(1990-ல் வந்த 64ஜிஎஸ் தனிக்கதை. கேம் கன்சோலாக விற்க கீபோர்டையே எடுத்துவிட்டார்கள். அதற்கென வந்த டெர்மினேட்டர் 2 கார்ட்ரிட்ஜோ, விளையாட்டைத் தொடர ஒரு கீயை அழுத்தச் சொன்னது!)

பழைய மெஷினை வாங்கிவிட்டீர்கள் என்றால், உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். அந்தக் கால பவர் சப்ளைகள் பலவற்றில் உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், சூடு வெளியேறாது. அதன் 5 வோல்ட் ரெகுலேட்டர் பழுதானால் வோல்டேஜ் குறையாது, ஏறும். முதலில் பலியாவது மெமரி சிப்கள். மல்ட்டிமீட்டரில் அளந்து பார்க்கலாம்தான். ஆனால் இன்று சரியாக இருப்பது நாளையும் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. புது சப்ளை வாங்குவதே புத்திசாலித்தனம். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் அந்த சப்ளை 120 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட்டில் போட்டால் கதை முடிந்தது.

புதிய அல்டிமேட் இந்த வேறுபாடுகளை எஃப்பிஜிஏ மூலம் சமாளிக்கிறது. உள் சர்க்யூட்டையே தேவைக்கேற்ப மாற்றி எழுதக்கூடிய சிப் அது. 'பால்' வேண்டுமா, என்டிஎஸ்சி வேண்டுமா என்பதை மெனுவிலேயே தேர்ந்தெடுக்கலாம். ஆனால், சவுண்ட் விஷயத்தில் அதன் வடிவமைப்பாளர்களும் தீர்ப்பு சொல்லவில்லை. அசல் 'சிட்' சிப்களை நீங்களே கொண்டுவந்து பொருத்திக்கொள்ள போர்டில் இரண்டு சாக்கெட்களை விட்டுவைத்திருக்கிறார்கள்.